'இன்டிஸ்பென்சபிள்': கேள்வி பதில்

கே: ஐயா, 'நெசசரி'க்கும் 'இன்டிஸ்பென்சபிள்'க்கும் என்ன வித்தியாசம்? டிக்‌ஷனரியில் இரண்டுமே 'தேவையான' என்று இருக்கிறது.

ப: 'நெசசரி' வெறும் தேவை. 'இன்டிஸ்பென்சபிள்' என்றால், அது இல்லாமல் காரியமே நடக்காது என்கிற அளவுக்குத் தேவை. 'இன்றியமையாத' என்ற சொல் அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. 'நீரின்று அமையாது உலகு' என்ற குறளை நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

கே: சார், டிஸ்பென்சரிக்கும் இதற்கும் உறவு உண்டா?

ப: உண்டு. லத்தீனில் 'பெந்தெரே' என்றால் தொங்கவிடு, எடைபோடு. அதிலிருந்து வந்த 'டிஸ்பென்சாரே', எடைபோட்டுப் பங்கிட்டுக் கொடு. மருந்தை அளந்து கொடுக்கும் இடம் டிஸ்பென்சரி. பென்ஷனும் எக்ஸ்பென்ஸும்கூட அதே தராசில் பிறந்தவைதான்.

கே: அளந்து கொடுப்பது எப்படி 'இன்றியமையாத' ஆனது? புரியவில்லையே.

ப: நடுவில் திருச்சபை வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். பங்கிடுவது என்ற பொருள் நிர்வகிப்பது என்று விரிந்து, திருச்சபைச் சட்டத்திலிருந்து ஒருவருக்கு மட்டும் விலக்கு அளிப்பதற்கு 'டிஸ்பென்சேஷன்' என்று பெயர் வந்தது. யாருக்கும் விலக்கு தர முடியாத சட்டம் 'இன்டிஸ்பென்சபிள்'. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது இதுதான் பொருள்.

அது வெறும் ஏட்டு விவகாரம் இல்லை. பின்னாளில் இங்கிலாந்து மன்னரான எட்டாம் ஹென்றி தன் அண்ணனின் விதவை கேத்தரினை மணப்பதற்காக, போப் இரண்டாம் ஜூலியஸ் 1503இல் விலக்கு கொடுத்தார். 1509இல் கல்யாணம். பிற்பாடு ஹென்றியே, 'இது கடவுளின் சட்டம், இதற்கு விலக்கு கொடுக்கப் போப்புக்கே அதிகாரம் கிடையாது' என்று வாதாடினார். 1533இல் இங்கிலாந்தில் அந்தத் திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. ரோமில் இருந்த போப்பின் திருச்சபையோடு இருந்த உறவும் முறிந்தது.

அப்புறம் விஷயம் எளிது. ஒரு விதிக்கு விலக்கு கிடைத்துவிட்டால் அந்த விதி இல்லாமலே காரியம் நடக்கும். அதனால் 'டிஸ்பென்ஸ் வித்' என்றால் 'இல்லாமல் சமாளி' என்றானது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் சொல்லும் இன்றைய பொருளுக்கு வந்துவிட்டது.

கே: கடைசியில் 'ஏபிள்' வருமா, 'இபிள்' வருமா?

ப: 'ஏபிள்'தான்.

கே: அண்ணா, ஆளைப் பற்றிச் சொல்லலாமா? 'வெரி இன்டிஸ்பென்சபிள்' என்று எழுதினேன், டீச்சர் 'வெரி'யை அடித்துவிட்டார்.

ப: ஆளைத் தாராளமாகச் சொல்லலாம் தம்பி. டீச்சர் அடித்ததும் சரிதான். விலக்கு என்பது உண்டென்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதில் கொஞ்சம், ரொம்ப என்று கிடையாது. அழுத்தம் வேண்டுமானால் 'ஆப்சலூட்லி' போடு.