ஜி-சிங்க், ஃப்ரீசிங்க்: மானிட்டர் வாங்குபவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது என்விடியா கார்டு. பிடித்த மானிட்டரில் ஃப்ரீசிங்க் என்றுதான் போட்டிருக்கிறது. வாங்கலாமா?

தாராளமாக. என்விடியாவின் ஜி-சிங்க், ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் இரண்டும் செய்வது ஒரே வேலைதான்: மானிட்டரின் ரிஃப்ரெஷ் வேகத்தை (நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது, அதுதான் ஹெர்ட்ஸ்) கேம் ஃபிரேம் தரும் வேகத்தோடு ஒத்துப்போக வைப்பது. 2019 ஜனவரிக்கு முன்பு கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அதுவரை என்விடியா, தன் சொந்தச் சில்லு பொருத்திய ஜி-சிங்க் மானிட்டர்களைத் தவிர வேறெதையும் ஏற்கவில்லை. அப்புறம் இறங்கி வந்தது. இப்போது ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதற்குப் பின் வந்த கார்டுகளும், திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2014-ல் டிஸ்ப்ளேபோர்ட்டில் சேர்த்த அடாப்டிவ் சிங்க் என்ற பொதுத் தரத்தின் மூலம் ஃப்ரீசிங்க் மானிட்டர்களோடு ஒத்துப்போகும். என்விடியாவின் ‘ஜி-சிங்க் கம்பேட்டிபிள்’ பட்டியலில் உங்கள் மாடல் இல்லையா? கண்ட்ரோல் பேனலில் நீங்களே ஆன் செய்து பார்க்கலாம், பெரும்பாலும் வேலை செய்யும்.

டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையே பயன்படுத்துங்கள். பழைய மானிட்டர்களில் எச்டிஎம்ஐ வழியாக வரும் ஃப்ரீசிங்க் ஏஎம்டியின் தனி ஏற்பாடு, என்விடியா கார்டு அதைக் கண்டுகொள்ளாது. எச்டிஎம்ஐ 2.1-ன் விஆர்ஆர் (மாறும் ரிஃப்ரெஷ் வேகம், இந்த சிங்க் வகைகளின் பொதுப் பெயரும் இதுதான்) வேறு விஷயம்.

கேள்வி: இரண்டு மானிட்டர்கள். இரண்டும் 144 ஹெர்ட்ஸ், இரண்டும் ஃப்ரீசிங்க். ஒன்றின் ரேஞ்ச் 48–144, மற்றது 90–144. இதில் என்ன பெரிய வித்தியாசம்?

எல்லா வித்தியாசமும் அங்கேதான் இருக்கிறது. ரேஞ்ச் என்பது சிங்க் வேலை செய்யும் ரிஃப்ரெஷ் வேகத்தின் கீழ் எல்லையும் மேல் எல்லையும். பெட்டியில் ஒட்டியிருக்கும் லோகோவைவிட இந்த இரண்டு எண்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கேம் 40 எஃப்பிஎஸ்-க்கு (நொடிக்கு 40 ஃபிரேம்) இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மானிட்டரின் பேனலால் 48-க்குக் கீழே போக முடியாது. அப்போது டிரைவர் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு முறை காட்டச் சொல்லி, பேனலை 80 ஹெர்ட்ஸில் ஓட வைக்கும். எல்எஃப்சி என்பது இதுதான். இதற்கு மேல் எண், கீழ் எண்ணைப்போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். 90–144 மானிட்டரில் அது நடக்காது: 80 எஃப்பிஎஸ்-ஐ இரட்டித்தால் 160, பேனலின் உச்சமோ 144. ஆக 90-க்குக் கீழே வந்ததும் சிங்க் கழன்றுவிடும். படம் கிழியும் (இரண்டு ஃபிரேம்களின் துண்டுகள் ஒரே நேரத்தில் தெரியும்), அல்லது திக்கும். கனமான கேம்களில் எஃப்பிஎஸ் உலவுவதே அந்த இடத்தில்தான்! 48–75 ரேஞ்சுள்ள 75 ஹெர்ட்ஸ் மானிட்டர்களுக்கும் இதே கதி. எண்களைத் தேட அலுப்பாக இருந்தால் ‘ஃப்ரீசிங்க் பிரீமியம்’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அதற்கு எல்எஃப்சி கட்டாயம்.

கேள்வி: இதை ஆன் செய்தால் எஃப்பிஎஸ் கூடுமா?

கூடாது. இருக்கிற எஃப்பிஎஸ் சீராகத் தெரியும், அவ்வளவுதான்.

கேள்வி: ஜி-சிங்க் ஆன் செய்தும் சில கேம்களில் படம் கிழிகிறது. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், கேம் 200 எஃப்பிஎஸ் போகிறது.

144-ஐத் தாண்டினால் சிங்க்குக்கு அங்கே வேலையில்லை. எஃப்பிஎஸ்-ஐ 141-ல் கட்டிப்போடுங்கள், டிரைவரில் வி-சிங்க் (மானிட்டர் புதுப்பிக்கும் வரை ஃபிரேமைக் காத்திருக்க வைக்கும் பழைய முறை) ஆன், கேமுக்குள் ஆஃப். கேட்டால் வினோதமாக இருக்கும், ஆனால் இந்தச் சேர்க்கையில் வி-சிங்க்கின் வழக்கமான தாமதம் வராது, எப்போதாவது எட்டிப்பார்க்கும் கிழிசலும் போய்விடும். போட்டி கேம்களில் 300, 400 எஃப்பிஎஸ் ஓட்டுபவர் என்றால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆடுவதிலும் தப்பில்லை.

கேள்வி: புதிய ஓஎல்இடி மானிட்டர். இருட்டான காட்சிகளிலும் லோடிங் திரையிலும் மினுக்குகிறது. பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. சிங்க்கை அணைத்துப் பாருங்கள். மினுக்கல் நின்றால் காரணம் விஆர்ஆர்தான். பேனலின் காமா (எந்த நிறம் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்ற அமைப்பு) பொதுவாக ஒரு நிலையான ரிஃப்ரெஷ் வேகத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருக்கும். எஃப்பிஎஸ் சட்டென்று ஏறி இறங்கும்போது அடர் சாம்பல் நிறங்களின் வெளிச்சம் லேசாக மாறுகிறது. லோடிங் திரையில் அந்த ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால் அங்கே பளிச்சென்று தெரியும். எல்சிடி வகைகளில் விஏ பேனல்களிலும் இது உண்டு, ஐபிஎஸ் பேனல்களில் குறைவு. எஃப்பிஎஸ் அலைபாயாதபடி ஒரு வரம்பு வையுங்கள், நிறையக் குறையும். அப்படியும் தொந்தரவு செய்யும் கேமுக்கு மட்டும் விஆர்ஆரை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: சில்லு உள்ள ‘அசல்’ ஜி-சிங்க்குக்குக் கூடுதல் பணம் தரலாமா?

அதன் உண்மையான பலம் வேரியபிள் ஓவர்டிரைவ் (ஓவர்டிரைவ் என்பது பிக்சலின் நிறமாற்றத்தை விரைவுபடுத்தும் அமைப்பு). ரிஃப்ரெஷ் வேகம் மாற மாற பிக்சலைத் தள்ளும் வேகத்தையும் அது மாற்றும். சாதாரண மானிட்டர் பலவற்றில் 144-க்குப் பொருத்தமான ஓவர்டிரைவ் 60-ல் அதிகமாகி, நகரும் பொருளின் பின்னால் வெளிறிய நிழல் விழும். ஆனால் ஓஎல்இடி வாங்குபவருக்கு இந்தக் கவலையே இல்லை, பிக்சல்கள் அவ்வளவு வேகம். எல்சிடி என்றால், மானிட்டரை 60 எஃப்பிஎஸ்-இல் சோதித்துக் காட்டும் விமர்சனம் ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சில்லு மாடல் சிலவற்றில் அதைக் குளிர்விக்கக் குட்டி ஃபேன்கூட ஓடும், அந்தச் சத்தத்தைப் பற்றியும் விமர்சனத்தில் தேடுங்கள்.