ரத்தத்துல இல்லன்னா வியாதியே இல்லன்னு அர்த்தமா?

அன்புள்ள அக்கா,

என் அக்கா பையனுக்கு 6 வயசு. ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல்.னு சொன்னாங்க. சென்னையில ரூம் எடுத்து நானும் அக்காவும் மாத்தி மாத்தி கூட இருக்கோம். முதல் மாச கீமோ முடிஞ்சு எடுத்த டெஸ்ட்ல கேன்சர் செல் இல்லன்னுட்டாங்க. இனி ஊர்லயே நாட்டு வைத்தியம் பாத்துக்கலாம்னு மாமா வீட்ல பேசுறாங்க. நான் கேக்க வந்தது வேற. எனக்கு என்ன வியாதின்னு பையன் கேக்குறான், பேரைச் சொல்லலாமா? சர்க்கரை குடுக்கக் கூடாதாமே?

ஒரு தாய்மாமன், திருப்பூர்

தம்பி,

சர்க்கரை கதையெல்லாம் விடுங்க, டாக்டர் வேணாம்னு சொன்னாலொழிய புள்ள கேட்டதைக் குடுங்க. பையன்கிட்ட பேரைச் சொல்லியே சொல்லுங்க, வார்டுல அவன் காதுல விழாமயா இருக்கும்.

ஆனா போற போக்குல ஊருக்குப் போறதப் பத்தி ஒரு வரி எழுதிட்டீங்க பாருங்க, அதைத் தாண்டி என்னால போக முடியல. நான் இந்த வாரம் பூரா எல்லாப்ரகட சுப்பாராவ் பத்திதான் படிச்சிட்டிருந்தேன், நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர். அவரோட டீம் அமெரிக்காவுல செஞ்ச அமினோப்டெரின் மருந்தை பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர்ங்கிற டாக்டர் இதே மாதிரி ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைங்களுக்குக் குடுத்தாரு, 10 பேருக்கு நல்லா தெளிஞ்சுது, 1948ல அந்தக் கட்டுரை வந்துச்சு. அந்தத் தெளிவு சில மாசம்தான் தம்பி, வியாதி திரும்பிடுச்சு. உங்க மாமா வீட்டுக்காரங்க இப்ப பாத்துட்டு சந்தோஷப்படுறது அதே தெளிவைத்தான்.

வியாதி கண்டுபிடிக்கிறப்போ உடம்புல லட்சம் கோடி கேன்சர் செல் இருக்கும்னு கணக்கு சொல்றாங்க. அது நூறுல ஒரு பங்கா குறைஞ்சாலே மைக்ரோஸ்கோப்ல கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஆயிரம் கோடி உள்ள உக்காந்திருக்கும். இப்ப அதைவிட நுணுக்கமா பாக்குற டெஸ்ட் வந்திருக்கு, அதுலயே ஒண்ணும் தெரியலன்னாலும் மருந்தை நிறுத்த மாட்டாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல இழுக்குறது அதுக்குத்தான், கடைசியில தினமும் 6-எம்பி மாத்திரை, வாரம் ஒருநாள் மெதோட்ரெக்ஸேட், ரெண்டுமே கீமோ மருந்துதான். இந்த மெதோட்ரெக்ஸேட்டும் சுப்பாராவ் டீம்ல இருந்து வந்ததுதான். வசதியான நாட்டுல கேன்சர் வந்த குழந்தைங்க 100க்கு 80க்கு மேல பொழைக்குதுங்க, ஏழை நாட்டுல 30கூட இல்ல, அதுக்கு ஒரு முக்கியக் காரணம் பாதியில விட்டுட்டுப் போறது.

எங்க சித்தி பேத்தி ஒருத்தி. முடியெல்லாம் திரும்ப மொளச்சு, ரெட்டை ஜடை போட்டு ஸ்கூலுக்குப் போனா, புள்ளதான் நல்லா இருக்காளே இன்னும் எதுக்கு விஷத்தக் குடுக்குறீங்கன்னு வீட்டுக்கு வந்தவங்க போனவங்க எல்லாம் சொல்லிச் சொல்லி நிறுத்துனாங்க. திரும்ப வந்துச்சு. இப்ப அவ இல்ல. அப்படிச் சொன்னவங்க ஒருத்தர்கூட அந்தத் தாய்கிட்ட வந்து அதப் பத்தி வாயத் திறக்கல.

மாமா வீட்ல சொல்றாங்கன்னு எழுதுறீங்களே, நீங்க என்ன சொன்னீங்க? தாய்மாமன்னா காது குத்தறப்போ மடியில வச்சுக்க மட்டும்தானா? வேலையப் போட்டுட்டு ஆஸ்பத்திரி வராண்டாவுல படுத்துக் கெடக்குறவருதான் நீங்க, உங்களுக்குப் பேச உரிமை இருக்கு, பேசுங்க. பணம்தான் நிஜமான பிரச்சனைன்னா (பெரும்பாலும் அதுதான்) அதை நாட்டு வைத்தியம்னு மூடி வைக்காம, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோட ஆஸ்பத்திரி சோஷியல் வொர்க்கர்கிட்ட போய் வெளிப்படையா கேளுங்க, தங்குற இடத்துக்கும் வழி கேளுங்க.

மெதோட்ரெக்ஸேட் ஆரம்பிக்கிறப்போ காலண்டர்ல கிழமையைச் சுழிச்சு வச்சுக்கோங்க, அது வாரத்துக்கு ஒரு தடவைதான், தவறி தினமும் குடுத்தா ஆபத்து. காய்ச்சல் 100.4 தொட்டுச்சுன்னா நடு ராத்திரின்னாலும் நேரா ஆஸ்பத்திரிதான். அக்காவையும் கொஞ்சம் தூங்கச் சொல்லுங்க.