மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை 5.7-லிருந்து 8.0-க்கு மாற்றியதும் சர்வர் ஸ்டார்ட் ஆகவில்லை, 'ஃபெயில்ட்' என்று மட்டும் வருகிறது. ரீஇன்ஸ்டால் செய்துவிடலாமா?

வேண்டாம். ரீஇன்ஸ்டால் செய்தால் புரோகிராம் ஃபைல்கள்தான் மாறும். கோளாறு பெரும்பாலும் கான்ஃபிக் ஃபைலிலோ (சர்வரின் செட்டிங்குகள் இருக்கும் ஃபைல்) டேட்டா டைரக்டரியிலோ (டேட்டா சேமிக்கப்படும் ஃபோல்டர்) இருக்கும். அவை அப்படியேதான் கிடக்கும். சர்வர் எப்படியும் நின்றுதானே இருக்கிறது, முதலில் டேட்டா டைரக்டரியை முழுசாக வேறிடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.

அப்புறம் மைஎஸ்க்யூஎல் தன் பிழைகளை எழுதிவைக்கும் எரர் லாகைத் திறங்கள். சர்வரை ஸ்டார்ட் செய்யும் லினக்ஸின் சிஸ்டம்டி சொல்லும் 'ஃபெயில்ட்' எதற்கும் உதவாது. லாக் ஃபைலின் கடைசி வரிகளில் 'அபார்ட்டிங்' என்று இருக்கும்; அதையே கூகுளில் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அது விளைவுதான். கடைசியாக ஸ்டார்ட் செய்த நேரத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கீழே வரும் முதல் எரர் வரியைப் படியுங்கள்.

அங்கே 'அன்நோன் வேரியபிள்' (சர்வருக்குத் தெரியாத செட்டிங்) என்று இருந்தால் நிம்மதி, கோளாறு டேட்டாவில் இல்லை, கான்ஃபிக்கில்தான். க்வெரியின் விடையைச் சேமித்து வைத்துத் திரும்பத் தரும் க்வெரி கேஷ் வசதியையே 8.0-இல் எடுத்துவிட்டார்கள். பழைய கான்ஃபிக்கில் க்வெரி கேஷ் சைஸ், க்வெரி கேஷ் டைப் வரிகள் இருந்தால் சர்வர் எழாது. லாக் வார்னிங்ஸ், இன்னோடிபி ஃபைல் ஃபார்மேட் ஆகிய செட்டிங்குகளும் போய்விட்டன. எஸ்க்யூஎல் மோட் வரியில் 'நோ ஆட்டோ கிரியேட் யூசர்' ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். ஒரு வரியை நீக்கினால் அடுத்தது வந்து நிற்கும், சலித்துக்கொள்ளாதீர்கள். 8.0.16 முதல் 'வேலிடேட் கான்ஃபிக்' ஆப்ஷன் இருக்கிறது: சர்வரை ஓட்டாமலே கான்ஃபிக்கை மட்டும் சரிபார்க்கும். அதுவும் ஒரு பிழை கண்டதும் நின்றுவிடும், திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியதுதான். நீக்கிய வரியே திரும்ப வந்தால் வேறு ஏதோ கான்ஃபிக் ஃபைல் சேர்ந்து படிக்கப்படுகிறது என்று அர்த்தம். 'பிரிண்ட் டீஃபால்ட்ஸ்' ஆப்ஷன் எல்லா ஃபைலிலிருந்தும் சேர்ந்த வரிகளைக் காட்டிவிடும்.

'கிராஷுக்குப் பிறகு அப்கிரேடு செய்ய முடியாது' என்ற பொருளில், ரீடூ லாகைக் குறிப்பிட்டு எரர் வந்தால் விஷயம் வேறு. 5.7 ஒழுங்காக மூடப்படவில்லை. ரீடூ லாக் ஃபைல்களை டெலீட் செய்யச் சொல்லும் யோசனைகள் இணையத்தில் நிறையக் கிடைக்கும், அந்த ஃபைல்களைத் தொடாதீர்கள். டேட்டா ஃபைலுக்குப் போய்ச் சேராத மாற்றங்கள் அவற்றில்தான் இருக்கின்றன. 5.7-ஐத் திரும்பப் போட்டு, அதே டேட்டாவில் ஸ்டார்ட் செய்து, 'இன்னோடிபி ஃபாஸ்ட் ஷட்டவுன்' செட்டிங்கை 0 ஆக்கி நிறுத்துங்கள். மூட நேரமெடுக்கும், இடையில் கில் செய்யாதீர்கள். பிறகு 8.0-க்குப் போகலாம்.

ஆனால் 8.0 ஒருமுறை டேட்டா டிக்‌ஷனரியை (டேபிள்களின் அமைப்பு விவரங்கள் இருக்கும் இடம்) மாற்றி முடித்துவிட்டால் அந்த டைரக்டரியை 5.7 திறக்காது. அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தால், அப்கிரேடுக்கு முன் எடுத்த பேக்கப்பை வைத்துத்தான் 5.7-க்குத் திரும்ப முடியும்.