டம்ளரில் தண்ணீர் பழுப்பானால் அது விஷமா?

கேள்வி: தாம்பரத்தை அடுத்த ஒரு பகுதியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். போர் தண்ணீரைத்தான் காய்ச்சிக் குடிக்கிறோம். சென்ற வாரம் வீட்டுக்கு வந்த ஒரு விற்பனைப் பிரதிநிதி, எங்கள் தண்ணீரில் மீட்டரை வைத்து டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்புகளின் அளவு, 640 என்று காட்டினார். பிறகு ஒரு டம்ளரில் எங்கள் தண்ணீரையும், இன்னொன்றில் தான் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரையும் ஊற்றி, ஒரு கருவியை வைத்து மின்சாரம் கொடுத்தார். ஒரே நிமிடத்தில் எங்கள் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கிவிட்டது. அவருடையது தெளிவாகவே இருந்தது. இத்தனை அழுக்கையும்தான் குடிக்கிறீர்கள், சிறுநீரகக் கல் வரும் என்றார். மாமியாருக்கு ஏற்கெனவே மூட்டு வலி இருக்கிறது. 21,000 ரூபாய் இயந்திரத்தைத் தவணையில் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? இவ்வளவு நாள் குடித்தது கெட்ட தண்ணீரா?

பதில்: அந்த டம்ளரில் நீங்கள் பார்த்த பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்தது அல்ல; அவர் கொண்டுவந்த கருவியின் இரும்புக் கம்பியிலிருந்து வந்தது. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால், மற்றவற்றை நிதானமாக யோசிக்கலாம்.

தண்ணீரில் உப்பு கரையும்போது அது நுண்ணிய துகளாக மிதப்பதில்லை. சோடியம், கால்சியம், மெக்னீசியம், குளோரைடு, பைகார்பனேட் என்று மின்னூட்டம் கொண்ட அயனிகளாகப் பிரிந்து, நீர் மூலக்கூறுகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிடுகிறது. அதனால்தான் கரைசல் தெளிவாக இருக்கிறது. அதனால்தான் அது மின்சாரத்தையும் கடத்துகிறது. அந்தப் பிரதிநிதியின் கருவியில் பெரும்பாலும் ஒரு முனை இரும்பாகவும் மற்றது அலுமினியமாகவும் இருக்கும். அயனிகள் உள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும்போது இரும்பு முனை அரிக்கப்பட்டு, இரும்பு அயனிகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன. அவை முதலில் பச்சை கலந்த ஹைட்ராக்சைடாகி, ஆக்சிஜனோடு சேர்ந்ததும் துருவின் நிறத்துக்கு மாறித் திட்டுத் திட்டாகத் திரள்கின்றன. பத்தாம் வகுப்பு வேதியியலில் மின்னாற்பகுத்தல் என்று படிக்கிறோமே, அதுதான் இது. ஆர்.ஓ. தண்ணீரில் அயனிகள் மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாக ஓடாது, இரும்பு கரையாது, தண்ணீர் தெளிவாக நிற்கும். இரண்டு டம்ளர்களுக்கும் உள்ள வேறுபாடு மின்சாரத்தைக் கடத்தும் திறனில் மட்டுமே.

அவர் மறுபடி வந்தால் அந்தக் கம்பிகளைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். இரும்புக் கம்பி சொரசொரப்பாக, அரித்து மெலிந்து போயிருக்கும். அடுத்து, அவருடைய ஆர்.ஓ. தண்ணீரிலேயே அரைச் சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கி, அதே சோதனையை அவரையே செய்யச் சொல்லுங்கள். உங்கள் டம்ளரில் வந்த அதே கலங்கல் அதிலும் வரும். உப்பைப் போடுமுன் அமிர்தமாக இருந்த தண்ணீர், நாம் தினமும் ரசத்தில் போடும் உப்பால் சாக்கடை ஆகிவிட்டதா என்று கேளுங்கள். அநேகமாக அவர் உப்பைப் போடவே விடமாட்டார். அந்தக் கருவி வீட்டு மின் இணைப்பில் நேராகச் செருகப்படுவது. உப்பு சேர்ந்தால் மின்னோட்டம் கூடும் என்பதால் டம்ளரை யாரும் தொட வேண்டாம், குழந்தைகளை அருகில் விட வேண்டாம். கலங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். இந்தக் கருவியை நீங்களே வாங்கிவந்து அக்கம்பக்கத்தாருக்குச் செய்துகாட்ட நினைப்பதும் வேண்டாத வேலை.

பள்ளிப் பாடப் புத்தகத்தில் உள்ள ஒரு சோதனையைப் பையில் வைத்துக்கொண்டு, படித்தவர்கள் வீட்டுக் கூடத்திலேயே ஒருவர் இருபதாயிரம் ரூபாய்க்கு வியாபாரம் செய்துவிட்டுப் போக முடிகிறது என்றால், நாம் வேதியியலை மதிப்பெண்ணுக்காக மட்டுமே சொல்லிக்கொடுக்கிறோம் என்றுதான் அர்த்தம். இது இன்று நேற்றுத் தொடங்கிய வித்தையும் அல்ல. ஆனாலும் வீடு வீடாக நடந்துகொண்டுதான் இருக்கிறது, தடுக்க வேண்டியவர்கள் யாரும் அசைந்ததாகத் தெரியவில்லை.

இனி 640 என்ற எண்ணுக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்பது அதன் பொருள். இருபது லிட்டர் கேன் ஒன்றில் 13 கிராம் அளவுக்கு வரும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, ஏற்கத்தக்க அளவாக 500 மில்லிகிராமையும், வேறு நல்ல நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கத்தக்க உச்ச அளவாக 2,000 மில்லிகிராமையும் வைத்திருக்கிறது. விற்பனைக்கு வருகிறவர்கள் முதல் எண்ணை மட்டும் சொல்வார்கள். இரண்டாவது எண் இருப்பதே பலருக்குத் தெரியாது. உங்கள் 640 இந்த இரண்டுக்கும் நடுவில், கீழ்ப்பக்கமாக இருக்கிறது. ருசி சற்று உப்பாகவோ சப்பென்றோ இருக்கலாம், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு வரலாம். எண்ணை மட்டும் வைத்து அதை விஷம் என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. சிறுநீரகக் கல்லைப் பொறுத்தவரை, தண்ணீர் போதுமான அளவு குடிக்காததுதான் பெரிய காரணம் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். தண்ணீரின் கடினத்தன்மைக்கு உடல்நலத்தை அடிப்படையாகக் கொண்ட வரம்பு எதையும் உலக சுகாதார அமைப்பு வைக்கவில்லை.

அந்த மீட்டரையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். அது உப்பை எடைபோடுவதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளந்து, ஒரு காரணியால் பெருக்கி எண்ணாகக் காட்டுகிறது. ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் இரண்டு கரண்டி சர்க்கரையைக் கரைத்து மீட்டரை வையுங்கள். எண் ஏறக்குறைய நகராது, ஏனென்றால் சர்க்கரை கரைந்தாலும் அயனியாகப் பிரிவதில்லை. மின்னூட்டம் இல்லாத எதுவும் இந்த மீட்டரின் கண்ணில் படாது. பூச்சிமருந்து படாது. நோய்க்கிருமி படாது. அக்கம்பக்கத்துக் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து உங்கள் போருக்குள் கசியும் கிருமிகள் எத்தனை இருந்தாலும், அதே 640-தான் காட்டும். நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அதற்குத் தளர்வே கிடையாது என்கிறது அதே தர நிர்ணயம்; அது தாண்டியிருந்தாலும் மீட்டர் அதைத் தனியாகச் சொல்லப்போவதில்லை.

டி.டி.எஸ். எண்ணை வைத்துப் பயப்பட வேண்டாம் என்று நான் சொல்வதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மாமியாரின் மூட்டு வலியைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது புளோரைடு. கருங்கல் பாறைகளில் உள்ள சில கனிமங்களிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் இது, ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் பல்லுக்கு நல்லது, 1.5-ஐத் தாண்டினால் வளரும் குழந்தைகளின் பற்களில் கறை படியத் தொடங்கும். அதற்கும் வெகுவாக மேலே போய், பல ஆண்டுகள் குடித்தால் எலும்பையும் மூட்டையும் இறுக்கிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதற்கு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் (புளோரைடு மிகுதியால் பல்லையும் எலும்பையும் தாக்கும் நோய்) குறைப்பு என்ற சொல் சேர்க்கப்பட்டிருப்பது போதும். 2013-இல் அத்திட்டம் தொடங்கப்பட்ட பிறகுதான் அங்கே பலருக்குக் காவிரித் தண்ணீர் கிடைத்தது. இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கால்சியம் புளோரைடு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். ஆகவே கால்சியம் அதிகமுள்ள கடின நீரில் புளோரைடு ஓரளவுக்கு மேல் ஏற இயலாமல் கட்டுப்படுகிறது. மாறாக, கால்சியம் குறைந்து சோடியம் மிகுந்த மென்மையான நீரில்தான், சோப்பு நன்றாக நுரைக்கும், பாத்திரத்தில் படிவு வராத, ஊரே நல்ல தண்ணீர் என்று புகழும் கிணற்றில்தான், புளோரைடு கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆக, டி.டி.எஸ். 400 காட்டுகிற ஒரு கிணறு 3 மில்லிகிராம் புளோரைடோடு இருக்கலாம்; 1,200 காட்டுகிற கிணறு அதில் பாதுகாப்பாக இருக்கலாம். உங்கள் வட்டாரம் தருமபுரி அல்ல, வயதானவர்களுக்கு மூட்டு வலி வருவதற்கு நூறு காரணங்களும் உண்டு. ஆனாலும் போர் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் குடிக்கும் எந்தக் குடும்பமும் புளோரைடை ஒருமுறையாவது ஆய்வகத்தில் பார்த்துவிட வேண்டும் என்பதே என் பிடிவாதமான கருத்து.

காய்ச்சிக் குடிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சுவது கிருமிக்கு மட்டுமே மருந்து. நீர் நன்றாகத் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் போதும். பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும் கால்சியம் அந்தச் சூட்டில் கார்பன் டை ஆக்சைடை வெளிவிட்டு, கார்பனேட்டாகிப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். பலர் பயப்படும் அந்தச் சுண்ணாம்புப் படிவு, தண்ணீரை விட்டு வெளியேறிய உப்பு. ஆனால் சாதாரண உப்பும் நைட்ரேட்டும் புளோரைடும் ஆவியாகா. ஐந்து லிட்டர் தண்ணீரை நான்கு லிட்டராகச் சுண்டும்வரை காய்ச்சினால், 1.6 மில்லிகிராமாக இருந்த புளோரைடு 2 மில்லிகிராம் ஆகிவிடும். கேஸும் வீண். 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி போதும். அதே நீரை முழுவதும் ஆவியாக்க மேலும் 540 கிலோ கலோரி வேண்டும். அதிக நேரம் கொதித்தால் அதிகச் சுத்தம் என்று நினைத்து அடுப்பை அணைக்காமல் விடுபவர்கள் இந்த இரண்டாவது கணக்குக்குத்தான் பணம் கட்டுகிறார்கள்.

ஆர்.ஓ. இயந்திரம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. கரைந்த உப்பைப் பிரிக்க, அழுத்தத்தால் நீரைச் சவ்வின் வழியே தள்ளும் அந்த முறை அருமையான முறை. புளோரைடும் நைட்ரேட்டும் அதில் பெருமளவு குறையும். ஆனால் வீட்டு இயந்திரங்கள் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுவது சாதாரணம். டி.டி.எஸ். 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்ய வேண்டும் என்று 2019-இலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அதன்பிறகும் 200, 250 உள்ள வீடுகளில் இயந்திரம் மாட்டப்படுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உத்தரவு காகிதத்தோடு நின்றுவிட்டது.

வாங்குவதாக முடிவு செய்தால், வாங்கிய பிறகு வரும் தொல்லைக்கும் தயாராக இருங்கள். பல இயந்திரங்களில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சிறு திருகு இருக்கும். அது சவ்வைத் தாண்டாத தண்ணீரில் கொஞ்சத்தை, சுத்தமான தண்ணீரோடு கலந்துவிடும் வழி. சர்வீஸுக்கு வருபவர் அந்தத் திருகைச் சற்றுத் திறந்துவிட்டு மீட்டரை வைத்தால், வெளிவரும் தண்ணீர் 30-லிருந்து 150-க்கு ஏறிவிடும். மெம்ப்ரேன் (அந்தச் சவ்வு) போய்விட்டது, மாற்றியாக வேண்டும் என்பார். மாற்றிவிட்டுத் திருகை மூடுவார்; எண் இறங்கும்; நீங்களும் நன்றி சொல்லிப் பணம் கொடுப்பீர்கள். அதனால் ஒரு மீட்டரை நீங்களே வாங்கிவைத்து, திருகு முழுக்க மூடிய நிலையில் உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். மூடிய நிலையில் வெளிவருவது உள்ளே போவதில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் சவ்வு நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு இதே ஆட்கள், ஆர்.ஓ. தண்ணீரில் தாதுச்சத்தே இல்லை, அதற்கொரு கார்ட்ரிட்ஜ் மாட்டுங்கள் என்று வருவார்கள். உப்பை எடுக்கக் காசு வாங்கியவர், உப்பைச் சேர்க்கவும் காசு கேட்பார். கால்சியம் நமக்குப் பெரும்பகுதி பாலிலும் கேழ்வரகிலும் கீரையிலும்தான் வருகிறது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், முன்பணமும் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ, அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்திலோ கட்டணம் செலுத்தி, கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், புளோரைடு ஆகியவற்றையும், தனியாக, கழிவுநீர்க் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம் கிருமியையும் சோதிக்கக் கொடுங்கள். மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு, தொட்டியிலிருந்து அல்லாமல் போரிலிருந்தே நீரைப் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலைத்தான் பயன்படுத்த வேண்டும். பழைய குளிர்பான பாட்டிலில் கொண்டுபோனால் பாட்டிலின் கிருமிக்கும் சேர்த்துத்தான் முடிவு வரும். வாரியத்துக்கு இப்படி ஆய்வகங்கள் இருப்பதே பெரும்பாலான மக்களுக்குத் தெரியாது. விற்பனைப் பிரதிநிதிக்கு உங்கள் தெருவின் வீட்டு எண் வரை தெரிகிறது, வாரியத்துக்கு ஒரு அறிவிப்புப் பலகை வைக்கக்கூட மனம் வரவில்லை.

முடிவுத்தாளில் நைட்ரேட், புளோரைடு இரண்டும் வரம்புக்குள் இருந்தால், இதுவரை செய்ததுபோல் காய்ச்சிக் குடியுங்கள். அது சிரமமாக இருந்தால் புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் யு.வி. வகைச் சாதனம் போதும், விலையும் குறைவு, தண்ணீரும் வீணாகாது. இரண்டில் ஒன்று தாண்டியிருந்தால், ஆர்.ஓ. வாங்குவதில் தவறில்லை, ஆனால் அதை உங்கள் வீட்டுக் கூடத்தில் துருவைக் காட்டியவரிடம் வாங்க வேண்டியதில்லை, கடைக்குப் போய் இரண்டு மூன்று நிறுவனங்களின் விலையையும் மெம்ப்ரேன் மாற்றும் செலவையும் கேட்டு வாங்குங்கள்.