நமக்குப் பக்கத்தில் உள்ள குளிர்ந்த குட்டி விண்மீன்களில் ஏன் இவ்வளவு மும்முரமாகக் கோள் தேடுகிறார்கள்? அங்கே குடியேற முடியுமா?

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: இப்போதைக்கு மூட்டை கட்ட வேண்டாம். முதல் கேள்விதான் எனக்குப் பிடித்தது. அதில் கொஞ்சம் தொழில் சம்பந்தமும் இருக்கிறது.

பினாங்கு, பாயான் லெப்பாஸில் எல்இடி விளக்குகளின் ஒளியை அளந்து பார்க்கும் வேலை எனக்கு. கோள் தேடுகிறவர்களில் பாதிப் பேர் செய்வதும் இதுதான். விண்மீனுக்குக் குறுக்கே கோள் போனால் வெளிச்சம் துளி குறையும். அந்தத் துளியைப் பிடிக்க வேண்டும்.

சூரியனுக்குக் குறுக்கே பூமி போவதை எங்கிருந்தோ ஒருவர் அளந்தால், குறைவது வெறும் 0.008 சதவீதம். அதுவும் வருஷத்துக்கு ஒரே தடவை, அதிகம் போனால் 13 மணி நேரம். எங்கள் லைனில் இப்படி ஒரு குறைவைக் கொண்டுபோய்க் காட்டினால் சூப்பர்வைசர், "மெஷினைத் துடைச்சிட்டு மறுபடி அளந்து பாரு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

இப்போது டிராப்பிஸ்ட்-1 என்ற குட்டி விண்மீனை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 40 ஒளியாண்டு தொலைவு. நிறை சூரியனில் 9 சதவீதம்தான்; பருமன் வியாழனைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. அதன் முன்னால் பூமி அளவுள்ள கோள் போனால் சுமார் 0.6 சதவீத வெளிச்சம் குறையும். ஏறக்குறைய 70 மடங்கு லாபம்! அதன் கோள்களுக்கு ஆங்கில எழுத்துகளே பெயர்; மிக நெருங்கிச் சுற்றும் 'பி' (b) கோளுக்கு ஒரு சுற்று ஒன்றரை நாள். இன்று மேகம் மறைத்தாலும் அடுத்த சுற்றுக்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டாம். அதனால்தான் 2016இல் சிலி நாட்டில் 60 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டே மிக்கேல் கியோன் குழுவால் அங்கே கோள்கள் இருப்பதைச் சொல்ல முடிந்தது. 2017 பிப்ரவரியில், ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் உதவியோடு கணக்கு ஏழாகிவிட்டது. ஏழும் புதனின் பாதைக்குள்ளேயே அடங்கிவிடும்.

ஆக, வசதியாக வாழலாம் என்று பார்த்து இந்த விண்மீன்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. அளப்பதற்கு வசதி, அதுதான் காரணம்.

படிவம் இரண்டு படிக்கும் என் அண்ணன் மகனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 'இ' (e) கோளில் ஒரு வருஷம் ஆறு நாள் என்றதும், "அப்படின்னா மாசத்துக்கு அஞ்சு தீபாவளியா சித்தப்பா?" என்றான். கணக்கு சரிதான். ஆனால் இவ்வளவு நெருங்கிச் சுற்றும் கோள், நம் நிலா மாதிரி, ஒரே முகத்தைத்தான் விண்மீனுக்குக் காட்டிக்கொண்டிருக்கும் என்று கருதுகிறார்கள். ஒரு பாதியில் எப்போதும் பகல். நம் சூரியனைவிட நான்கு மடங்கு அகலமாக ஒரு செவ்வட்டம் நகராமல் நிற்கும். மறுபாதியில் எந்நாளும் அமாவாசை.

போதாததற்கு, இந்த வகை விண்மீன்கள் அடிக்கடி சீறும். அந்தச் சீற்றத்தில் கோளின் காற்று அரிக்கப்பட்டுப் போகலாம். 2023இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 'பி' கோளின் பகல் பக்கத்தை அளந்தபோது சுமார் 230 டிகிரி செல்சியஸ் இருந்தது. வெப்பத்தை மறுபக்கம் கொண்டுபோகும் அளவுக்குக் காற்று இருப்பதாகத் தெரியவில்லை. அடுத்துள்ள 'சி'யிலும் வெள்ளியில் உள்ளது போன்ற அடர்ந்த காற்று இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளியிருக்கும் 'இ' மீதுதான் எல்லோருக்கும் ஆசை. பூமிக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதற்குக் கிடைக்கிறது.

அக்டோபர் கடைசியில், இங்கே தீபாவளி நெருங்கும் சமயம், இரவு பத்து மணிவாக்கில் டிராப்பிஸ்ட்-1 எங்கள் தலைக்கு ஏறக்குறைய நேர் மேலே, கும்ப ராசியில் நிற்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, வீட்டில் வைத்திருக்கும் சின்னத் தொலைநோக்கிக்கும் சிக்காது. பினாங்கில் மழை கொட்டுவதும் அந்த மாதம்தான்.