ஆச்சியிடம் கேளுங்கள்: ஆண்டவரே, எங்களைத் தடுத்தருளும்!

கேள்வி: ஆச்சி, எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியில் பழைய ஆங்கில ஜெபப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் ‘பிரிவென்ட் அஸ், ஓ லார்ட்’ என்று ஒரு ஜெபம் தொடங்குகிறது. எங்களைத் தடுத்துவிடும் என்றா கடவுளிடம் வேண்டுவார்கள்? அச்சுப்பிழையா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: பிழை இல்லை தம்பி. புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தில் உள்ள ஜெபம் அது. அந்தக் காலத்தில் ‘பிரிவென்ட்’ என்றால் முன்னே போவது. லத்தீனில் ‘ப்ரே’ என்பது முன், ‘வெனீரே’ என்பது வருதல். நாங்கள் எதைச் செய்தாலும் உம்முடைய அருள் எங்களுக்கு முன்னால் போகட்டும் என்பதுதான் வேண்டுதல். முன்னே போகிறவர் வழியும் காட்டுவார். சந்து குறுகலாக இருந்தால் வழியை மறித்துக்கொண்டும் நிற்பார். மறிக்கிற பொருள்தான் கடைசியில் மிஞ்சியது.

‘லெட்’ என்ற சொல்லின் கதை இதைவிட வேடிக்கை. ‘விடு’ என்ற பொருளில் ஒரு சொல்லும், ‘தடு’ என்ற பொருளில் இன்னொரு சொல்லும் பழைய ஆங்கிலத்தில் தனித்தனியே இருந்தன. காலப்போக்கில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே ஒலி ஆகிவிட்டது. உங்கள் புத்தகத்திலேயே, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில், பாவத்தால் நாங்கள் தடைபட்டு நிற்கிறோம் என்ற இடத்தில் இந்த ‘லெட்’ வரும். தேடச் சோம்பலாக இருந்தால் பாஸ்போர்ட்டை எடுங்கள். குடியரசுத் தலைவர் பெயரால் அச்சிட்டிருக்கும் வேண்டுகோளில் ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என்று இருக்கும். தடையில்லாமல் போகவிடுங்கள் என்று பொருள். நம் பக்கத்தில் பாஸ்போர்ட் இல்லாத வீடு அரிது. அந்த வரியைப் படித்தவர் அதைவிட அரிது.

நானும் ஏமாந்தவள்தான். ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருஷம், காலை வழிபாட்டில் ‘சஃபர் தி லிட்டில் சில்ட்ரன்’ என்று ஒரு சிஸ்டர் வாசித்தார். பிள்ளைகளைப் பாடுபடுத்தச் சொல்கிறாரா என்று திகைத்துப்போனேன். அங்கே ‘சஃபர்’ என்றால் அனுமதிப்பது. தமிழ் பைபிளில் ‘இடங்கொடுங்கள்’ என்று பளிச்சென்று இருக்கிறது. அன்று மாலைதான் அதைப் புரட்டிப் பார்த்தேன்.

கேள்வி: பரிசுத்த ஆவியை ஏன் ‘ஹோலி கோஸ்ட்’ என்றார்கள்? கோஸ்ட் என்றால் பேய் அல்லவா?
– மாணவி, தேவகோட்டை

பதில்: பழைய ஆங்கிலத்தில் அது உயிர், ஆன்மா. பேய் என்ற பொருள் பின்னால் ஓங்கியது. நீ ஏன் ஆங்கிலத்தை மட்டும் கேட்கிறாய்? உன் அப்பத்தா இட்லிக் கொப்பரையைத் திறந்தால் வருவதும் ஆவி, ஜெபத்தில் வருவதும் ஆவி, புளியமரத்தில் இருப்பதாகப் பயமுறுத்துவதும் ஆவி. நாம் குழம்புகிறோமா என்ன!

கேள்வி: சொத்தையெல்லாம் ஏழைகளுக்கு உணவாகக் கொடுத்தாலும் ‘சாரிட்டி’ இல்லையென்றால் பயனில்லை என்று பழைய ஆங்கில பைபிளில் படித்தேன். கொடுத்ததே சாரிட்டிதானே, ஆச்சி?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அன்னதானத்துக்குப் பேர்போன சீமைக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். அந்தச் சொல் லத்தீன் ‘காரிதாஸ்’ வழி வந்தது. அதற்கு வேரான ‘காருஸ்’ என்பதற்கு அன்புக்குரியது என்றும் விலைமிக்கது என்றும் பொருள். நம்முடைய ‘அருமை’க்குப் பக்கத்தில் வைக்கலாம். பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டின்டேல், 1526இல் அந்த இடத்தில் ‘லவ்’ என்றே போட்டார். 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் அது ‘சாரிட்டி’ ஆனது. 1881ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மறுபடி ‘லவ்’. இடைப்பட்ட காலத்தில் சாரிட்டி என்பது வெறும் தர்மக் காசாகச் சுருங்கிவிட்டதால் உங்களுக்குக் கணக்கு உதைக்கிறது. அங்கே ‘அன்பு’ என்று போட்டுப் படியுங்கள். இலை நிறையப் பரிமாறிவிட்டு, சாப்பிடுகிறவர் முகத்தை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்க்காத பந்தியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அந்த வரி புரிகிறது.

கேள்வி: மணிக்கு ஆங்கிலத்தில் ‘பீட்’ என்ற பெயர் எப்படி வந்தது? மணி கோக்கிற தொழில் எனக்கு.
– வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் அந்தச் சொல்லுக்கு ஜெபம் என்றே பொருள். ஜெபத்தை எண்ணுவதற்கு மணியை உருட்டினார்கள்; பெயர் மணிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அப்படி உருட்டுவதை ‘டெல்லிங் பீட்ஸ்’ என்பார்கள். அந்த ‘டெல்’ சொல்லுவது அன்று, எண்ணுவது. வங்கியில் பணம் எண்ணித் தருகிறவருக்கு ‘டெல்லர்’ என்று பெயர் வந்ததும் இப்படித்தான். நம் பழைய கடைகளில் பெட்டியடியில் உட்கார்ந்திருந்த பையன்கள் எல்லாருமே டெல்லர்கள்தான். கையில் ஜெபமாலை மட்டும் இல்லை.