கத்தி வைத்துத்தான் ஆக வேண்டுமா? – குறுக்கு வலி குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா, எங்கள் ஊர் முக்கூடல். என் தாயாருக்கு வயது 47. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பீடி சுற்றி வருகிறார். குறுக்கு வலி அவருக்குப் பழைய சங்கதிதான் என்றாலும், ஏழு வாரங்களாக இடது பிட்டத்தில் தொடங்கிப் புறங்கால் வரை கரண்ட் பாய்வதுபோல் இழுக்கிறது என்கிறார். தட்டை மடியில் வைத்துக் கால் மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எல்4–எல்5 (இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகள்) இடையே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதாக வந்திருக்கிறது. எலும்பு டாக்டர் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார். சென்னையில் வேலை பார்க்கும் என் அத்தானோ, முதுகு வலியெல்லாம் மனத்துக்குள் அடக்கி வைத்த கோபத்தால் வருவது என்று சார்னோ என்னும் அமெரிக்க டாக்டர் நிரூபித்துவிட்டார், கத்தியே வைக்க வேண்டாம் என்கிறார். "அப்போ நான் நடிக்கேன்னா சொல்லுதான்?" என்று அம்மா அழுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: உங்கள் கடிதம் என் கைக்கு வந்து, இந்தப் பதில் அச்சாகி உங்களிடம் வருவதற்குள் சில வாரங்கள் ஓடியிருக்கும் என்பதால், தாயாரிடம் இன்றே கேட்க வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் முட்டியும் வெளியேறாமல் இருக்கிறதா, அல்லது தெரியாமலே கசிகிறதா? மலத்தை அடக்க முடியாமல் போகிறதா? தொடைகளின் உட்புறமும் மலவாயைச் சுற்றியும் மரத்துக் கிடக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும், பாளையங்கோட்டையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். தண்டுவடத்துக்குக் கீழே இறங்கும் நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்கும் அந்த நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. நம் பெண்கள் இதைத் தாமாகச் சொல்லக் கூச்சப்படுவார்கள். மகளான நீங்களே கேட்டுவிடுங்கள்.

அடுத்து, அவரைக் குதிகாலில் மட்டும் ஊன்றிப் பத்தடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். எல்4–எல்5 இடையே பிதுங்கும் ஜவ்வு பெரும்பாலும் ஐந்தாவது இடுப்பு நரம்பைத்தான் அழுத்தும். பாதத்தையும் கால் பெருவிரலையும் மேலே தூக்கும் தசைகளுக்கு ஆணை போவது அந்த நரம்பின் வழியாகத்தான். இடது பாதம் தொங்கினாலோ, நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்றுபோனாலோ, கால் வலுவிழந்து வருகிறது என்று பொருள். அப்போது அறுவை மருத்துவரை உடனே பாருங்கள். தள்ளிப்போடும் காரியம் அல்ல அது.

இவை எவையும் இல்லை, வலி ஒன்றே தொல்லை என்றால், யோசிப்பதற்கு உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. உங்கள் தாயாரைப் போலவே ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களாகக் காலுக்கு இறங்கும் கடும் வலியால் அவதிப்பட்ட 283 பேரை வைத்து நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்து, 2007-இல் வெளியானது. ஒரு பாதியினருக்கு விரைவிலேயே அறுவை. மறு பாதியினருக்கு மாத்திரையும் உடற்பயிற்சியும் காத்திருப்பும், தாங்க முடியாவிட்டால் பிறகு அறுவை. முதல் பிரிவினர் குணமடைய ஏறத்தாழ நான்கு வாரங்களும், காத்திருந்தவர்கள் குணமடையப் பன்னிரண்டு வாரங்களும் பிடித்தன. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் நூற்றுக்கு 95 பேர் நலமாக இருந்தார்கள். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் இடையில் அறுவை செய்துகொண்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மற்றவர்களில் பெரும்பாலோர் கத்தி படாமலே தேறினார்கள். பிதுங்கி வெளியே வந்த ஜவ்வுத் துண்டை உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே மெல்ல மெல்லக் கரைத்துவிடுவது இதற்கு ஒரு காரணம்.

ஆக, இந்த வகை வலியில் அறுவை முக்கியமாகத் தருவது வேகம். அந்த வேகத்தை அற்பம் என்று நான் சொல்ல மாட்டேன். மாதச் சம்பளக்காரர் மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டில் எட்டு வாரம் என்பது வயிற்றைத் தொடும் கணக்கு. வலி தொடங்கிய நாளைக் காட்டிலும் சற்றேனும் குறைந்து வருகிறது, இரவில் உறங்க முடிகிறது என்றால் இன்னும் நான்கைந்து வாரம் பொறுங்கள் என்பேன்; வலி ஓர் இம்மியும் இறங்கவில்லை என்றால் அறுவைக்கு ஒப்புக்கொள்வதில் தவறு ஏதும் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமுண்டு. அட்டை இருந்தால், இந்த அறுவை எங்கே அத்திட்டத்தின்கீழ் நடக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தானுக்கும் ஒரு வார்த்தை. நியூயார்க்கில் பணியாற்றி 2017-இல் மறைந்த டாக்டர் ஜான் சார்னோ, ஸ்கேன் காட்டும் கோளாறுக்கும் நோயாளி படும் வலிக்கும் பல வேளைகளில் பொருத்தமே இல்லை என்பதைக் கூர்ந்து கண்டவர். அதற்காக அவரை மதிக்கலாம். ஆனால் அடக்கிய உணர்ச்சி தசைக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைத்து வலியை உண்டாக்குகிறது என்ற அவருடைய விளக்கத்தை மருத்துவ உலகம் ஏற்கவில்லை. தாயாருக்கோ ஸ்கேனில் அழுத்தப்படும் நரம்பும், வலி இறங்கும் தடமும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. இந்த இடத்தில் மனப்பயிற்சி உறக்கத்துக்கும் மன உளைச்சலுக்கும் உதவுமே தவிர, நரம்பின்மேல் கிடக்கும் துண்டை அகற்றாது.

தாயாரிடம் இதையும் சொல்லுங்கள்: மனத்துக்கும் வலிக்கும் தொடர்புண்டு என்பதற்கு நடிப்பு என்று அர்த்தமே கிடையாது. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரின் வடம் பிடித்து இழுப்பவருக்கு உள்ளங்கை உரிந்தது வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் உறைக்கிறது. காயம் பொய்யில்லை, பிறகு வந்த எரிச்சலும் பொய்யில்லை; எப்போது, எவ்வளவு வலிக்க வேண்டும் என்பதில் மூளைக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

அறுவை நடந்தாலும் நடக்காவிட்டாலும், திரும்பிப் போவது அதே தரைக்கும் அதே தட்டுக்கும்தான் என்றால் குறுக்கு மறுபடியும் பேசும். சுவரில் முதுகு சாய்த்து, உயரமான பலகையில் அமர்ந்து, தட்டை மடியில் வைக்காமல் முன்னால் ஒரு சிறு மேசையில் வைத்துச் சுற்றட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து முற்றம் வரை நடந்து வரட்டும். எண்ணிக்கை கொஞ்சம் குறையும், தெரிந்தேதான் சொல்கிறேன்.

கேள்வி: நான் அம்பாசமுத்திரம் பக்கத்தில் பள்ளி ஆசிரியர், வயது 39. ஆறு ஆண்டுகளாக இடுப்பில் வலி, காலுக்கு இறங்குவதில்லை. ஸ்கேனில் இரண்டு ஜவ்வுகள் தேய்ந்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். கம்பியும் திருகும் வைத்து எலும்பை இணைத்துவிட்டால் சரியாகும் என்று ஒரு மருத்துவர் கூறினார். தியானம், மனப்பயிற்சி போன்றவற்றால் பயன் உண்டா?

பதில்: முந்தைய வாசகிக்குச் சொன்னதை அப்படியே திருப்பிப் போட வேண்டிய நிலை உங்களுடையது. தேய்மானம் என்ற சொல்லைக் கண்டு கலங்க வேண்டாம். முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1994-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், எல்லா ஜவ்வுகளும் பழுதின்றி இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர் மட்டுமே. தலை நரைப்பதுபோல ஜவ்வும் வயதைக் காட்டும். அதுவே வலிக்குக் காரணம் என்று ஸ்கேன் தாளை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்க முடியாது.

எலும்பு இணைப்பு அறுவையைப் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2001-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 294 பேரில் அறுவை செய்துகொண்டவர்களே கூடுதல் பலன் பெற்றார்கள். ஆனால் மறு தரப்பினருக்குக் கிடைத்தது வழக்கமான பிசியோதெரபி மட்டும். பிரிட்டனில் 349 பேரிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்விலோ, மறு தரப்பினருக்குத் தினசரி உடற்பயிற்சியோடு வலியைப் பற்றிய அச்சத்தைக் களையும் பயிற்சியும் மூன்று வாரங்கள் தீவிரமாகத் தரப்பட்டது. இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது, அறுவையே மேல் என்று சொல்லத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. ஒருமுறை இணைத்த எலும்பைப் பிரிக்க முடியாது என்பதால், திருகு வைக்கச் சம்மதிக்கும் முன் இந்தப் பயிற்சியை முழு மனத்தோடு செய்து பார்ப்பதே முறை என்பது என் கருத்து.

மனப்பயிற்சிக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், நாட்பட்ட முதுகு வலி உடைய 151 பேரிடம் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், "இந்த வலி முதுகு உடைந்துகொண்டிருப்பதன் அறிகுறி இல்லை, மூளை எழுப்பும் பொய் எச்சரிக்கை" என்று உணரவைக்கும் நான்கு வாரப் பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 66 பேர் வலி நீங்கியோ ஏறக்குறைய நீங்கியோ இருந்தார்கள், வழக்கமான சிகிச்சையில் தொடர்ந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர். இதைப் படித்ததும் துள்ள வேண்டாம்: அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது மிதமான வலி, காலில் வலி கூடுதலாக இருந்தவர்கள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. உங்கள் வலி அந்த வகையைச் சேர்ந்ததாகவே எனக்குப் படுகிறது, ஆயினும் நேரில் பரிசோதித்த மருத்துவரே அதை உறுதிசெய்ய வேண்டும். கண்ணை மூடி அமர்வதோடு நிறுத்திவிடாதீர்கள்; குனிந்தால் ஏதாவது ஆகிவிடும் என்று ஆறு ஆண்டுகளாக எதையெல்லாம் விலக்கி வைத்தீர்களோ, குடம் தூக்குவது, பைக் ஓட்டுவது, தரையில் அமர்ந்து சாப்பிடுவது, அவற்றை ஒவ்வொன்றாகச் சிறிய அளவில் மீட்டெடுங்கள்.

கேள்வி: பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் தொக்கணம் (சித்த முறையில் உடம்பைப் பிடித்துவிடுவது) செய்துகொள்ளலாமா?
– கடையம் வாசகர்

பதில்: தசைப் பிடிப்பால் வரும் வலிக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது சில நாளுக்கேனும் இதம் தரும், முறையாகப் படித்தவர் கையில் செய்துகொள்ளலாம். முதுகில் ஏறி மிதித்தும், உடலை முறுக்கியும் சொடக்கெடுப்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். வலியோடு மாலைக் காய்ச்சலும் உடல் இளைப்பும் சேர்ந்திருந்தால், எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றும் முன் முதுகெலும்பில் காசநோய் இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள்.